தொடுகோடு எங்கே தொடுகிறது?

ஒரு தாளில் ஒரு வளைவரை வரையுங்கள். இடப்பக்கம் அடியிலிருந்து விறுவிறுவென்று ஏறி வர வேண்டும். நடுவை நெருங்க நெருங்கச் சரிவு குறைந்து, ஆதிப்புள்ளியில் படுத்துவிட வேண்டும். அதைக் கடந்ததும் மறுபடி எழுந்து வலப்பக்கம் மேலே போய்விட வேண்டும். எக்ஸின் கனம் என்னும் சார்பின் வரைபடம் இது. இப்போது ஆதிப்புள்ளியில் இதற்கு ஒரு தொடுகோடு போடுங்கள்.

இளநிலைக் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது இதை நான் தவறாமல் கேட்பேன். கேட்டதும் பேனா நின்றுவிடும். இதே பிள்ளைகளிடம் 'ஆதிப்புள்ளியில் தொடுகோட்டின் சமன்பாடு காண்க' என்று தேர்வுக் கேள்வியாகக் கொடுத்தால் அரை நிமிடம் போதும். வகைக்கெழு, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் வளைவரையின் சாய்வைத் தருவது, மூன்று எக்ஸ் வர்க்கம். ஆதியில் அதன் மதிப்பு 0. ஆகவே சாய்வு 0. ஆகவே தொடுகோடு எக்ஸ் அச்சு. எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். ஆனால் படத்தில் எக்ஸ் அச்சைக் காட்டி "இதுதான் அந்தத் தொடுகோடு" என்றால் முகம் மாறும். "சார், இது வளைவரையை வெட்டிக்கிட்டுப் போகுதே! தொடுகோடுன்னா தொடணும், வெட்டக் கூடாதே."

அந்தப் பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை அவர் பார்த்த தொடுகோடெல்லாம் வட்டத்தின் தொடுகோடு. வட்டத்தை ஒரே புள்ளியில் தொடும், உள்ளே நுழையாது, வட்டம் முழுவதும் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருக்கும். நூறு படம் அப்படிப் பார்த்த கண்ணுக்கு, தொடுகோடு என்றால் அதுதான். பிறகு வகை நுண்கணிதத்தில் வரையறை மாறியது: ஒரு புள்ளியில் வளைவரை போகும் திசையிலேயே, அதாவது அங்குள்ள வகைக்கெழுவைச் சாய்வாகக் கொண்டு, அந்தப் புள்ளி வழியே செல்லும் கோடு. இதில் 'ஒரே புள்ளி' என்ற பேச்சே இல்லை. 'வெட்டக் கூடாது' என்ற பேச்சும் இல்லை. கொசைன் வளைவரையின் உச்சியில் தொடுகோடு போட்டால் அது எண்ணற்ற உச்சிகளைத் தொட்டுக்கொண்டே போகும். நேர்கோட்டுக்குத் தொடுகோடு போட்டால் அந்தக் கோடே தன் தொடுகோடு. மறுபுறம், பரவளையத்தை ஒரு செங்குத்துக் கோடு ஒரே புள்ளியில்தான் சந்திக்கிறது. அது தொடுகோடு ஆகாது. வரையறை புதிதாக வந்தது. மனத்தில் இருந்த படம் மட்டும் பழையபடியே இருந்துவிட்டது.

எருசலேமிலுள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஷ்லோமோ வின்னர் என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் முதலாண்டு மாணவர்களிடம் இப்படித்தான் தொடுகோடு வரையச் சொல்லிப் பார்த்தார். வெட்டிச் செல்லும் தொடுகோட்டை வரைய மனமில்லாமல் கோட்டைச் சற்றுச் சாய்த்து, எப்படியாவது ஒரு பக்கமாகத் தொடவைக்க முயன்றவர்கள் அங்கேயும் இருந்தார்கள். நுண்கணிதம் படித்தவர்கள் அவர்கள்.

இந்த விஷயத்துக்கு ஒரு பெயர் உண்டு. உயர்கல்வியில் கணிதம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது, எப்படிக் கற்றுக்கொள்ளப்படுகிறது என்று ஆராயும் துறையில், புதிதாக நுழைபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கருத்து எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். 1981இல் வின்னரும், இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டாலும் சேர்ந்து எழுதிய கட்டுரை இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டியது. ஒன்று கருத்து வரையறை. மற்றொன்று கருத்துப் படிமம்.

தாய்மாமன் யார்?

கணிதத்தை விட்டு ஒரு நிமிடம் வெளியே வருவோம். தாய்மாமன் யார்? அம்மாவுடன் பிறந்த ஆண். இது வரையறை, இதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் 'தாய்மாமன்' என்று கேட்டதும் உங்கள் மனத்தில் இந்த வரி ஓடுவதில்லை. காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்துக்கொள்பவர் வருகிறார். சீர்த்தட்டு வருகிறது. மீசை வைத்த, கொஞ்சம் அதட்டலான, கேட்டதை வாங்கித்தரும் ஒருவர் வருகிறார். திருமணப் பேச்சில் அவருக்கு இருக்கும் குரல் வருகிறது. இவ்வளவும் சேர்ந்ததுதான் கருத்துப் படிமம்: ஒரு சொல்லோடு ஒட்டி மனத்தில் சேர்ந்திருக்கும் படங்கள், அனுபவங்கள், பண்புகள், 'இப்படித்தான் இருக்கும்' என்ற எதிர்பார்ப்புகள் எல்லாம்.

தாயும் மகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிள்ளை பெறுவது நம் பாட்டிமார் காலத்தில் அதிசயமில்லை. அப்படிப்பட்ட வீட்டில் மூன்றாம் வகுப்புப் பையன் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு மாமன். முதலில் பார்ப்பவர் சிரிப்பார்: "இவனா மாமா?" பெரியவர்கள் உடனே சொல்வார்கள்: "வயசு என்ன வயசு, முறை முறைதான்." இங்கே படிமம் ஒன்று சொல்கிறது, வரையறை வேறொன்று சொல்கிறது, நம் உறவு வழக்கம் வரையறையின் பக்கம் நிற்கிறது. அதைவிட முக்கியம், அந்தக் குட்டி மாமனைப் பார்த்தவருக்குப் படிமமே திருந்திவிடுகிறது. வயதும் மீசையும் தேவையில்லை, அம்மாவுடன் பிறந்தால் போதும் என்று அவருக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கணித வகுப்பிலும் வரையறைதான் இறுதித் தீர்ப்பு. ஆனால் குட்டி மாமனை அங்கே யாரும் அழைத்து வந்து காட்டுவதில்லை. என் ஆதங்கம் முழுக்க இதுதான்.

டாலும் வின்னரும் இன்னொன்றையும் கவனித்தார்கள். படிமம் ஒரே துண்டாக மனத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. கேள்வி எப்படி வருகிறதோ அதற்கேற்ப அதில் ஒரு பகுதி மட்டும் விழித்துக்கொள்கிறது, மற்றவை தூங்குகின்றன. அதனால் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நம்பிக்கைகள் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் பல ஆண்டுகள் குடியிருக்க முடியும். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்தால்தான் சண்டை.

இதற்கு அவர்கள் காட்டிய சாட்சி எளிமையானது. 0.999... என்று ஒன்பதுகள் முடிவில்லாமல் போகும் எண், 1க்குச் சமமா, 1ஐவிடச் சற்றுக் குறைவா? வாரிக்கில் கணிதம் படிக்க வந்த முதலாண்டு மாணவர்களிடம் 1970களில் டால் இதைக் கேட்டபோது, பெரும்பாலோர் சொன்னது 'சற்றுக் குறைவு'. 1 + 9/10 + 9/100 + ... என்று தொடரும் கூட்டலின் எல்லை என்ன என்று வேறிடத்தில் கேட்டால் 2 என்று சரியாகக் கணக்கிட்டார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டலிலிருந்து முதல் 1ஐக் கழித்தால் மிஞ்சுவது அதே 0.999... தானே? அதன் எல்லை 1 என்று ஒரு கேள்வியில் ஒப்புக்கொண்டவர்களில் சிலர், அடுத்த கேள்வியில் அது 1ஐ எட்டாது என்றார்கள். தொடரின் கூட்டலாகப் பார்த்தபோது சூத்திரம் விழித்தது. தசம எண்ணாகப் பார்த்தபோது, எழுதி முடியாத ஒன்பதுகளின் வரிசை விழித்தது.

'எட்டாது' என்பது எங்கிருந்து வருகிறது? எல்லை என்ற கருத்தைச் சுற்றி மாணவர் மனத்தில் இருக்கும் மிக வலுவான படம் இதுதான்: நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் தொடாது. ½, ¼, ⅛ என்று போகும் வரிசையைக் காட்டியே எல்லையை அறிமுகம் செய்கிறோம். அது 0வை நெருங்குகிறது, 0வை ஒருபோதும் தொடுவதில்லை. எடுத்துக்காட்டின் குணம் வரையறையின் குணமாக ஒட்டிக்கொண்டது. வரையறையைச் சொற்களில் சொன்னால்: நீங்கள் எவ்வளவு சிறிய இடைவெளியைக் கேட்டாலும், வரிசையில் ஓர் இடத்துக்குப் பிறகு வரும் உறுப்புகள் எல்லாமே எல்லையிலிருந்து அந்த இடைவெளிக்குள் இருக்கும். இவ்வளவுதான். தொடக் கூடாது என்று இதில் எங்கே இருக்கிறது? 1, 1, 1, 1 என்று போகும் வரிசையின் எல்லை 1. முதல் உறுப்பிலேயே தொட்டுவிட்டது. இடைவெளி எவ்வளவு கேட்டாலும் உள்ளே இருக்கிறது. என் மாணவர்களில் பலர் இதை வரிசை என்று ஏற்றுக்கொள்ளவே தயங்குவார்கள். "மாறவே இல்லையே சார், இதுக்கு எதுக்கு எல்லை?"

சொல்லே காட்டும் படம்

தமிழில் கணிதம் படித்தவர்களுக்கு இங்கே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'லிமிட்' என்ற சொல்லுக்கு 'தாண்டக் கூடாத வரம்பு' என்ற அன்றாடப் பொருள் இருப்பது மாணவர்களைக் குழப்புகிறது என்று டால் போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் 'எல்லை'யும் அதே சுமையைத் தூக்கி வருகிறது. எல்லைச் சாமி, எல்லைக்கல், எல்லை மீறாதே என்றெல்லாம் புழங்கிய சொல் அது. ஒரு வரிசை தன் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிமாறித் தாண்டிக்கொண்டே அதை நெருங்கலாம் என்றால் காதுக்கே ஒவ்வாமல் இருக்கிறது.

தமிழ்க் கலைச்சொற்களை நான் மிகவும் நேசிக்கிறேன். பொருள் தெரியும்படி அமைந்திருப்பது அவற்றின் பெரிய வலிமை. அந்த வலிமையே சில இடங்களில் தவறான படத்தையும் தந்துவிடுகிறது. 'தொடுகோடு' என்ற சொல்லுக்குள்ளேயே தொடுதல் இருக்கிறது; இலங்கைத் தமிழில் 'தொடலி' என்பார்கள், அதிலும் இருக்கிறது. 'பெருக்கல்' என்றால் பெருகச் செய்வது. ஆனால் அரையை அரையால் பெருக்கினால் கால்தான் கிடைக்கிறது, சிறுத்துவிடுகிறது. 'சார்பு' என்றால் ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருப்பது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் 5 என்றே விடை தரும் மாறிலிச் சார்பு எதைச் சார்ந்திருக்கிறது? எதையும் சார்ந்திராத சார்பு! இதற்காகச் சொற்களை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொல்லை அறிமுகம் செய்யும் அன்றே, அந்தச் சொல் எந்த இடத்தில் நம்மை ஏமாற்றும் என்றும் ஆசிரியர் ஒரு வரி சொல்லிவிட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சொற்களுக்கு நாம் பொருள் கற்கும் இரண்டு வழிகளை பார்பரா எட்வர்ட்ஸ், மைக்கேல் வார்டு என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2004இல் எழுதிய கட்டுரை பிரித்துக் காட்டியது. அன்றாடச் சொற்களின் பொருளைப் புழக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். 'வாசம்' என்றால் என்ன என்று அகராதி பார்த்துக் கற்றவர் யாருமில்லை. கணிதச் சொல்லுக்கோ பொருள் விதிக்கப்படுகிறது. இன்று முதல் இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாணவர்கள் கணிதச் சொல்லையும் அன்றாடச் சொல்லைப் போலவே கையாள்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. வரையறையைப் பிழையின்றி எழுதிக்காட்டியவர்களே, ஒரு கூற்று சரியா தவறா என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில் அந்த வரையறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. வார்டு கணித ஆராய்ச்சியாளர். பல ஆண்டுகள் கற்பித்தவர். அவருக்கே இது வியப்பாக இருந்தது.

வின்னரும் டாமி ட்ரைஃபஸும் 1989இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு கோணத்தில் காட்டியது. 271 கல்லூரி மாணவர்கள், 36 நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள். சார்பு என்றால் என்ன என்று எழுதச் சொன்னார்கள்; பிறகு சில படங்களையும் விதிகளையும் கொடுத்து, இவை சார்பா இல்லையா என்று கேட்டார்கள். ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் மற்றொரு கணத்தில் ஒரே ஓர் உறுப்பைப் பொருத்துவது சார்பு என்று முறையாக எழுதியவர்களில் கணிசமான பகுதியினர், தீர்ப்புச் சொல்லும்போது அதை விட்டுவிட்டார்கள். 'ஒரே சூத்திரமாக இல்லை', 'வரைபடம் உடைந்திருக்கிறது' என்பவை அவர்கள் தந்த காரணங்கள். வரையறை ஓர் அறையில், படிமம் அடுத்த அறையில், நடுவில் கதவு இல்லை.

இதைப் படிக்கும்போது மாணவர்களைக் குறை சொல்லத் தோன்றினால், ஆய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டின் மாபெரும் கணித மேதை அவர். 1748இல் வெளியான தம் நூலில் அவர் 'தொடர்ச்சியான' வளைவரை என்று அழைத்தது, ஒரே சூத்திரத்தால் எழுதக்கூடிய வளைவரையை. அதன்படி, ஓர் எண்ணின் தலைகீழியை (1/எக்ஸ்) தரும் சார்பின் வரைபடம், இரண்டு தனித்தனிக் கிளைகளாக இருந்தாலும், தொடர்ச்சியானது. இரண்டு சூத்திரங்களைச் சேர்த்து ஒட்டிய வளைவரை, ஒட்டிய இடம் தெரியாமல் இணைந்திருந்தாலும், தொடர்ச்சியற்றது. பிறகு 1817இல் போல்சானோ, 1821இல் கோஷி, அவர்களுக்குப் பின் வயர்ஸ்ட்ராஸ் என்று பலர் கைபட்டுத்தான் தொடர்ச்சிக்கு இன்று நாம் முதலாண்டில் கற்பிக்கும், 'எவ்வளவு சிறிய இடைவெளியைக் கேட்டாலும்' என்ற பாணியிலான எப்சிலான்–டெல்டா வரையறை உருவானது. 1872இல் வயர்ஸ்ட்ராஸ், எல்லா இடத்திலும் தொடர்ச்சியாக இருந்தும் எந்த ஓர் இடத்திலும் தொடுகோடு இல்லாத சார்பு ஒன்றைப் பெர்லின் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். தொடர்ச்சியான வளைவரை என்றால் அங்கங்கே சில முனைகள் தவிர வழவழப்பாகத்தான் இருக்கும் என்ற படம் அன்றைய கணித அறிஞர்களுக்கே இருந்தது. அந்தப் படம் அன்று உடைந்தது. மேதைகளுக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்த மாற்றம் இது. ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு வாரத்தில் எதிர்பார்க்கிறோம்.

அதே தலைகீழிச் சார்பை டாலும் வின்னரும் 41 மாணவர்களிடம் கொடுத்து, இது தொடர்ச்சியானதா என்று கேட்டார்கள். பள்ளி இறுதித் தேர்வில் நல்ல தரம் பெற்று வந்த மாணவர்கள். பெரும்பாலோர் 'இல்லை' என்றார்கள்: படம் ஒரே துண்டாக இல்லை, பூச்சியத்தில் அது முடிவிலிக்குப் போகிறது, பூச்சியத்தில் வரையறுக்கப்படவே இல்லை. அந்தக் கேள்வியில் சார்பு பூச்சியம் தவிர்த்த எண்களுக்கே தரப்பட்டிருந்தது. சார்பகத்திலுள்ள, அதாவது சார்பு எந்த எண்களுக்குத் தரப்பட்டதோ அவற்றிலுள்ள, ஒவ்வொரு புள்ளியிலும் தொடர்ச்சியாக இருந்தால் அந்தச் சார்பு தொடர்ச்சியானது. பூச்சியம் சார்பகத்திலேயே இல்லை. இல்லாத இடத்தில் எப்படி அறுபடும்? பேனாவை எடுக்காமல் வரையக்கூடியது எதுவோ அதுவே தொடர்ச்சி என்று எங்கோ ஒரு வகுப்பில் கேட்ட வரி, வரையறையைவிட ஆழமாக வேரூன்றிவிட்டது. நானும் பல ஆண்டுகள் அந்த வரியையே சொல்லி வந்தேன். இப்போது சொல்வதில்லை, சொன்னாலும் அடுத்த நிமிடமே தலைகீழிச் சார்பைப் பலகையில் போட்டுவிடுகிறேன்.

கரும்பலகையில் ஏறாதது

சரி, கல்லூரியில்தான் வரையறையைத் தெளிவாக எழுதிப்போடுகிறார்களே, பிறகும் ஏன் படிமம் மாறுவதில்லை? 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு என்னை நெடுநாள் யோசிக்கவைத்தது. மெய்ப்பகுப்பாய்வு (நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிரூபித்துக் காட்டும் பாடம்) நடத்தும், நல்லாசிரியர் என்று பெயர் பெற்ற ஒரு பேராசிரியர் வகுப்பில் ஒரு நிரூபணத்தை நடத்துகிறார். அதைப் படம்பிடித்து, இதன் வழியாக மாணவர்களுக்கு எதைக் கடத்த நினைத்தீர்கள் என்று அவரிடமே கேட்டார்கள். அழகான கருத்துகளைச் சொன்னார்: இந்த வகைக் கேள்வி வந்தால் எந்த ஆயுதத்தை எடுப்பது, ஏன் இந்த வழி, எங்கே கவனிக்க வேண்டும். பிறகு ஆறு மாணவர்களிடம் அதே வகுப்பைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுடைய குறிப்பேட்டில் பலகையில் எழுதிய வரிகள் அப்படியே இருந்தன. அவர் கடத்த நினைத்த கருத்துகளில் பெரும்பாலானவை இல்லை. காரணம் எளிது: முறையான வரிகளை அவர் பலகையில் எழுதினார், உயிரான கருத்துகளை வாயால் சொன்னார். மாணவர்கள் பலகையை எழுதிக்கொண்டார்கள்.

நம் கல்லூரி வகுப்புகளை அறிந்த எவருக்கும் இது புரியும். பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் வேகமாகப் பேசப்படும் விளக்கம் காதைக் கடந்து போய்விடுகிறது. பலகையில் உள்ளது மட்டுமே கைக்குக் கிடைக்கும் சொத்து. அதைத்தான் தேர்வும் கேட்கிறது. அதனால் ஓட்டை வெளியே தெரியாமலே பட்டம் வரை போய்விட முடிகிறது.

ஓட்டையை வெளிக்காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1989இல் ஜான் செல்டன், ஆலிஸ் மேசன், அன்னி செல்டன் ஆகிய மூவரும் அமெரிக்காவின் டென்னசியில் நுண்கணிதத்தில் நடுத்தர மதிப்பெண் பெற்ற 17 மாணவர்களுக்கு ஐந்து கணக்குகள் கொடுத்தார்கள். எல்லாம் படித்த பாடத்துக்குள்தான். ஆனால் பயிற்சிப் பகுதியில் வந்த மாதிரியில் இல்லை. ஒன்று இது: 2எக்ஸ் + 3ஒய் = அ என்ற கோடு, ஆ எக்ஸ் வர்க்கம் என்ற சார்பின் வரைபடத்துக்கு, எக்ஸ் = 3 ஆகும் புள்ளியில் தொடுகோடாக அமைய அ, ஆ இவற்றின் மதிப்பு என்ன? தொடுகோடு என்பது அந்தப் புள்ளி வழியே, அதே சாய்வில் போகும் கோடு என்று மனத்தில் இருந்தால் இரண்டு வரி வேலை. கோட்டின் சாய்வு –2/3; வளைவரையின் சாய்வு அங்கே 6ஆ; ஆகவே ஆ = –1/9. புள்ளியில் ஒய் = –1; ஆகவே அ = 6 – 3 = 3. அந்த 17 பேரில் ஒருவர்கூட ஐந்தில் ஒரு கணக்கையும் முழுமையாகப் போடவில்லை. மாணவர்கள் சுமாரானவர்கள் என்று தட்டிக்கழிக்க வழியில்லாமல், 1994இல் வெளியான அடுத்த ஆய்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற 19 பேரிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினரால் ஒரு கணக்கைக்கூட முழுமையாக முடிக்க முடியவில்லை.

படிமத்தைத் திருத்த என்ன வழி? மந்திரம் எதுவும் கிடையாது. ஆனால் ஆய்வுகள் காட்டும் திசை எனக்குத் தெளிவாகவே இருக்கிறது: எடுத்துக்காட்டுகளை மாணவரே உருவாக்க வேண்டும். ராண்டால் டால்பெர்க், டேவிட் ஹவுஸ்மன் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், இளநிலை மாணவர்களுக்கு அவர்கள் கேள்விப்பட்டிராத ஒரு வரையறையைத் தந்தார்கள். நம் சொல்லில் 'நேர்த்தியான சார்பு' என்று வைத்துக்கொள்வோம். எல்லா முழு எண்களிலும் மதிப்பு 0 ஆகும் சார்பு நேர்த்தியான சார்பு. அவ்வளவே.

மேலே படிக்கும் முன் நீங்களே ஓர் எடுத்துக்காட்டை யோசியுங்கள்.

சைன் அலை போன்ற ஒன்று பலருக்கும் முதலில் வரும். ஒவ்வொரு முழு எண்ணிலும் அச்சைக் கடக்கும்படி அமைத்துவிடலாம். அத்தோடு நின்றால் 'நேர்த்தியான சார்பு என்றால் அலையடிக்கும்' என்ற படிமம் மனத்தில் உட்கார்ந்துவிடும். இன்னொன்று யோசியுங்கள். எங்கும் 0 ஆகவே இருக்கும் சார்பு? அதுவும் நேர்த்தியானதே. முழு எண்களில் 0, மற்ற எல்லா இடங்களிலும் 7? அதுவும்தான். இப்போது படிமத்திலிருந்து அலை கழன்றுவிட்டது, தொடர்ச்சியும் கழன்றுவிட்டது. வரையறை சொன்னது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த ஆய்வில், புதிய வரையறையைக் கண்டதும் தாமாகவே எடுத்துக்காட்டுகளை உருவாக்கிப் பார்த்தவர்களே கருத்தை நன்றாகப் பிடித்தார்கள். வரையறையைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு பிடிபடவில்லை. எங்கும் பூச்சியமான அந்தச் சார்புதான் இங்கே குட்டி மாமன்.

வகுப்பில் மாணவர் கை வேலை செய்ய வேண்டும் என்பதற்குப் பெரிய அளவிலான சான்றும் இருக்கிறது. ஸ்காட் ஃப்ரீமனும் உடன் பணியாற்றியவர்களும் 2014இல் அறிவியல், பொறியியல், கணித இளநிலை வகுப்புகள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 விழுக்காடு, மாணவர்கள் கேள்விக்குப் பதில் தேடியும் பேசியும் பங்கெடுக்கும் வகுப்புகளில் 21.8 விழுக்காடு. எந்தச் செயல்பாடு எந்தப் பாடத்துக்குப் பொருந்தும் என்பதை இந்த எண்கள் சொல்லாது. அதை ஒவ்வொரு ஆசிரியரும் தம் பாடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தனியாகப் படிப்பவருக்கும் ஒரு செய்தி. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் மார்க் ஹாட்ஸ், லாரா ஆல்காக், மேத்யூ இங்லிஸ் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நிரூபணத்தை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் நின்று 'இது எந்த வரையறையிலிருந்து வந்தது, மேலே உள்ள எந்த வரியோடு சேர்கிறது' என்று தனக்குத்தானே விளக்கிக்கொள்ளும் சிறு பயிற்சியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் நிரூபணத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். செலவு என்று எதுவும் இல்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

ஒன்றைத் தவறாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. படிமத்தை ஒழித்துவிட்டு வரையறையை மட்டும் வைத்துக்கொள் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. அப்படி யாராலும் சிந்திக்க முடியாது. கைதேர்ந்த கணித அறிஞரும் படத்தோடும் அசைவோடும்தான் யோசிக்கிறார். வேண்டிய இடத்தில் வரையறையிடம் போய்ச் சரிபார்த்துவிட்டு வருகிறார். மாணவருக்குத் தேவை அந்தப் போக்குவரத்துதான். அதோடு, பழைய படம் தோற்கும் இடத்தில் கையில் பிடித்துக்கொள்ள ஒரு புதிய படமும் தேவை.

தொடுகோட்டுக்கு டால் அப்படி ஒரு படத்தைத் தந்தார். 1980களிலேயே கணினித் திரையில் வளைவரையைப் பெரிதாக்கிக் காட்டும் மென்பொருளை எழுதினார் அவர். இன்று உங்கள் கைப்பேசியிலேயே செய்யலாம்; ஜியோஜீப்ரா செயலி இலவசம். எக்ஸின் கனத்தை வரையுங்கள். ஆதிப்புள்ளியை நடுவில் வைத்து இரண்டு விரலால் பெரிதாக்குங்கள். பத்து மடங்கு, நூறு மடங்கு. இடப்பக்கத்துச் சரிவும் வலப்பக்கத்து ஏற்றமும் திரைக்கு வெளியே போய்விடும். வளைவரை நிமிர்ந்து நேர்கோடாகி எக்ஸ் அச்சின் மேலேயே படிந்துகொள்ளும். எது வளைவரை, எது அச்சு என்று பிரித்தறிய முடியாது. இந்தக் கோடுதான் தொடுகோடு. தூரத்திலிருந்து பார்த்தபோது வெட்டிக்கொண்டு போனது போலத் தெரிந்ததும் இதே கோடுதான்.

என் மாணவி ஒருத்தி இதைச் செய்து முடித்துவிட்டு, நான் சொல்லாமலே ஓர் எண்ணின் மட்டு மதிப்பை, அதாவது கூட்டல் கழித்தல் குறியை விட்டு அளவை மட்டும், தரும் சார்பை வரைந்தாள். அது பூச்சியத்தில் கூராக மடங்கி நிற்கும் வரைபடம். பெரிதாக்கினாள், மீண்டும் பெரிதாக்கினாள். அந்த முனை கூர் மழுங்காமல் அப்படியே இருந்தது. "இது நிமிரவே மாட்டேங்குது சார். அப்போ இங்க தொடுகோடே கிடையாதா?" என்று கேட்டாள்.